வெளியே கெட்டி, உள்ளே பச்சை: ஒரு மார்பகத் திசுவும் 72 மணி நேரக் கணக்கும்

பின்னணி

நான் ஒரு தனியார் நோயியல் ஆய்வகத்தில் திசுப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் டெக்னீஷியன். சுற்றுவட்டார நர்சிங் ஹோம்களில் அறுவை சிகிச்சையில் எடுக்கும் திசுக்கள் எங்களிடம் வரும். கிராஸிங் மேசையில் டாக்டர் வெட்டும்போது பக்கத்தில் நிற்பேன். அதன் பிறகு பிளாக் (மெழுகில் பதித்த திசுத் துண்டு), ஸ்லைடு, சாயம் எல்லாம் என் பொறுப்பு. யார் என்று அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை விட்டுவிட்டேன்.

நோயாளிக்கு வயது 58, மாதவிடாய் நின்றவர். இடது மார்பில் கட்டி. வேறொரு ஆய்வகத்தில் ஊசி பயாப்ஸி எடுத்து, புற்றுநோய்தான் என்று உறுதி செய்திருந்தார்கள். ஹார்மோன் ஏற்பிச் சோதனையை மட்டும் அப்போது செய்யவில்லை. ஆபரேஷன் ஆனதும் முழுக் கட்டியிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு இரண்டு செலவு என்று தள்ளிப்போட்டிருக்கிறார்கள். இங்கே இது சகஜம்.

அந்தச் சோதனையை நாங்கள் ஐ.எச்.சி. என்போம். ஈ.ஆர்., பி.ஆர். என்ற இரண்டு ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 என்று மூன்று புரதங்கள் புற்றணுக்களில் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்ப்பது. ஈ.ஆர். இருந்தால் நோயாளிக்குப் பல வருடங்கள் ஹார்மோன் தடுப்பு மாத்திரை கிடைக்கும். மூன்றுமே இல்லையென்றால் அந்த மாத்திரையும் இல்லை, ஹெர்2-க்கான ஊசியும் இல்லை. ஒரு ஸ்லைடு பழுப்பாகத் தெரிகிறதா வெளிறித் தெரிகிறதா என்பதில் அடுத்த ஐந்து, பத்து வருட சிகிச்சையே அடங்கியிருக்கிறது.

செவ்வாய் காலை: வந்த ஜாடி

சித்திரை வெயில் கொளுத்திய நேரம். சனிக்கிழமை மாலை அறுவை சிகிச்சை நடந்தது. ஞாயிறும் திங்களும் விடுமுறை. செவ்வாய் காலை 9.30-க்கு ஜாடி வந்தது. டீக்கடையில் பிஸ்கட் போட்டு வைப்பார்களே, சிவப்பு மூடி, அந்த மாதிரி 2 லிட்டர் பிளாஸ்டிக் ஜாடி. அதற்குள் முழு மார்பகமும் அக்குள் திசுவும் திணிக்கப்பட்டிருந்தன. மேலே இரண்டு விரல் உயரத்துக்கு, திசுவைக் கெடாமல் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலின் நின்றது. உள்ளே போகும்போது குழைவாக இருந்த திசு, இப்போது ஜாடியின் வடிவத்திலேயே விறைத்துப்போய் வாய் வழியாக வெளியே வர மறுத்தது. கத்தியைச் சுடவைத்து ஜாடியின் கழுத்தை அறுத்துத்தான் எடுத்தோம்.

எடையைப் பார்த்தால் 640 கிராம். ஃபார்மலின் திசுவின் கன அளவைப் போலக் குறைந்தது 10 மடங்கு இருக்கவேண்டும் என்பது பாடம். அப்படியென்றால் ஆறரை லிட்டர் வேண்டும். ஜாடியில் இருந்தது ஒரு லிட்டருக்குச் சற்று அதிகம். அதுவும் ரத்தம் கலந்து தேநீர் நிறத்தில்.

படிவத்தில் 'ஃபார்மலினில் போட்டாச்சு' என்று எழுதி டிக் அடித்திருந்தார்கள். நேரம் இல்லை. போன் செய்து கேட்டேன். "சனி ராத்திரி எட்டு மணிக்கே போட்டாச்சு சார்" என்றார் சிஸ்டர்.

மேற்பரப்பு ரப்பர் போலக் கெட்டியாக இருந்தது. ஜூனியர் டாக்டர் பின்பக்கத்திலிருந்து கத்தியை இறக்கினார். முதல் அரை சென்டிமீட்டர் சாம்பல் நிறம், வெட்டு சுத்தமாக விழுந்தது. அதற்குக் கீழே கத்தி வழுக்கியது. கொழுப்பு மஞ்சளாக, எண்ணெய் வழிய இருந்தது. 2.8 செ.மீ. கட்டியின் பின்விளிம்பு மட்டும் வெளுத்திருக்க, நடுப்பகுதி இளஞ்சிவப்பாக, அப்போதுதான் எடுத்தது போலக் கசிந்தது. போதாக்குறைக்கு லேசான புளித்த வாடையும் வந்தது.

நான் எடுத்த தவறான முடிவு

ஃபார்மலின் வாசம் அடித்தால் திசு ஃபிக்ஸ் ஆகிவிட்டது, அதாவது பதப்பட்டு நிலைப்பட்டுவிட்டது என்று நினைப்பது பழக்கம். அறுவை அரங்கில் மட்டுமல்ல, எங்களுக்குள்ளும் அது உண்டு. உண்மையில் தண்ணீரில் கரைந்த ஃபார்மால்டிஹைடு பெரும்பாலும் மெத்திலீன் கிளைக்கால் என்ற உருவத்தில் இருக்கிறது. அது திசுவுக்குள் நுழைவதில் வேகம். ஆனால் புரதங்களைப் பாலம் போட்டுக் கட்டுவது ஃபார்மால்டிஹைடு. அது ஒரு நேரத்தில் கொஞ்சம்தான் இருக்கும் என்பதால் கட்டுமானம் மெதுவாக நடக்கும். நுழைவதற்கும் கணக்கு இருக்கிறது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடாவர் 1941-லேயே அதைக் காட்டிவிட்டார்: ஆழம், நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும். 2 மடங்கு ஆழத்துக்கு 4 மடங்கு நேரம். மேலே கொழுப்பு வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்று காலை என் தலையில் இருந்தது 72 என்ற எண்தான். மார்பகத் திசு ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும் என்பது அமெரிக்க நிபுணர் குழுக்களின் வழிகாட்டுதல். நாங்களும் அதையே பின்பற்றுகிறோம். சனி இரவு 8-லிருந்து கணக்கிட்டால் செவ்வாய் இரவு 8-க்குக் கெடு முடிகிறது.

ஜூனியர் டாக்டர், "துண்டு போட்டு ராத்திரி முழுக்கப் புது ஃபார்மலின்ல வச்சிடலாமா அண்ணா?" என்று கேட்டார். நான்தான், "72 தாண்டிடும் டாக்டர், இன்னைக்கே ஏத்திடலாம்" என்றேன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் எங்கள் சீனியர் டாக்டர் மேடம் அன்று மதியம்தான் வருவதாக இருந்தது. விடுமுறையில் சேர்ந்த வேலை வேறு குவிந்திருந்தது. 1 மணிக்கு, திசுத் துண்டுகளை அடைக்கும் சிறு பெட்டிகளான கேசட்டுகள் தயார். இளகிய திசுவை மெல்லியதாக வெட்ட முடியாது. 3 மி.மீ. இருக்கவேண்டிய துண்டுகள் 5 மி.மீ. தடிமனில் இருந்தன. புது ஃபார்மலினில் 3 மணி நேரம், அப்புறம் 4 மணிக்கு, திசுவின் நீரை எடுத்து மெழுகேற்றும் இயந்திரமான புராசஸரில் ஏற்றிவிட்டேன். அடுத்த தொட்டி ஆல்கஹால்.

காகிதத்தில் எல்லாம் சரி: 68 மணி நேரம், 6-க்கு மேல், 72-க்குள். ஆனால் கட்டியின் நடுப்பகுதிக்கு ஃபார்மலினில் கிடைத்தது மிஞ்சிப்போனால் அந்த 3 மணி நேரம். அதற்கு முன் இரண்டரை நாள் வெயிலில் அது தன்னைத்தானே செரித்துக்கொண்டிருந்தது. நேரத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று நான் யோசிக்கவே இல்லை. திசுவின் எந்தப் பகுதிக்கு அந்த நேரம் என்பதையும்தான்.

ஸ்லைடில் கண்டது

மெல்லிய சீவல் எடுக்கும் மைக்ரோடோமில் பிளாக்கை வெட்டும்போதே, ரிப்பன் போல வரவேண்டிய சீவல் சரியாக வரவில்லை. நடுவில் பொடிந்தது. சாயமேற்றிய ஸ்லைடில் விளிம்பில் அணுக்கருக்கள் தெளிவாக இருந்தன. நடுவில் மங்கி, சுருங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஃபார்மலின் பிடிக்காத இடத்தை ஆல்கஹால் பிடித்தால் இப்படித்தான் ஆகும். ஆல்கஹால் புரதத்தைக் கட்டாது, தண்ணீரை உறிஞ்சித் திரியவைக்கும்.

ரத்தம் தேங்கிய இடங்களில் கரும்பழுப்புத் துகள்கள் தூவியது போலக் கிடந்தன. ஜூனியர் டாக்டர் பழைய ரத்தக் கசிவின் இரும்புச்சத்தாக இருக்குமோ என்று கேட்டார். இரும்புக்கான பெர்ல்ஸ் சாயம் போட்டோம், நீலம் வரவில்லை. மேடம் மைக்ரோஸ்கோப்பில் ஒளியை வடிகட்டும் போலரைசரை மாற்றிப் பார்த்தார். துகள்கள் மின்னின. "மலேரியா நிறமியும் இப்படித்தான் மின்னும், ஆனா இது அது இல்ல, ஃபார்மலின் நிறமி. பிக்ரிக்ல கரையுதான்னு பாருங்க" என்றார். ஒரு ஸ்லைடை ஆல்கஹாலில் கரைத்த பிக்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினோம். துகள்கள் போய்விட்டன.

இந்த நிறமி தானாக வருவதில்லை. ஃபார்மலின் அமிலமாகியிருந்தால், ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு சேர்ந்து இது உண்டாகும். அறுத்த ஜாடியில் மிச்சமிருந்த ஃபார்மலினைக் கொட்டாமல் வைத்திருந்தது அதிர்ஷ்டம். பி.எச். தாளை நனைத்தேன். 4-க்கும் 5-க்கும் நடுவில் நின்றது. 7-ஐ ஒட்டி இருக்கவேண்டியது.

ஈ.ஆர். இல்லை என்ற முடிவும் சந்தேகமும்

ஐ.எச்.சி.-க்கு அதிகக் கட்டி இருந்த பிளாக்கைத் தேர்ந்தெடுத்தோம். அது நடுப்பகுதி பிளாக். ஈ.ஆர். இல்லை, பி.ஆர். இல்லை, ஹெர்2 பூஜ்யம். சாயம் ஏறும் என்று முன்பே தெரிந்த திசுவில் கூடவே ஓட்டிய கண்ட்ரோல் ஸ்லைடு நன்றாகவே பழுப்பேறியிருந்தது. சாயத்தில் கோளாறு இல்லை. மூன்றும் இல்லாத வகை என்று ரிப்போர்ட் தட்டச்சாகியும் விட்டது.

மேடம் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு விஷயங்கள் அவருக்கு இடித்தன. ஒன்று, கட்டி தீவிரம் குறைந்த முதல் தரம் (கிரேடு 1). குழாய் குழாயாக, ஒழுங்காக வளர்ந்த கட்டி. அப்படிப்பட்ட கட்டிகளில் ஈ.ஆர். இல்லாமலிருப்பது அபூர்வம். இரண்டாவதுதான் முக்கியம். அதே ஸ்லைடில் கட்டியை அடுத்து இரண்டு மூன்று சாதாரணப் பால் நாளங்கள் இருந்தன. நோயில்லாத நாளங்களில் சில அணுக்களாவது பழுப்பாகவேண்டும். ஒன்றுகூட ஆகவில்லை.

"நம்ம கண்ட்ரோல் நம்ம லேபில் ஃபிக்ஸ் பண்ணது. அது மருந்து வேலை செய்யுதுன்னு சொல்லும், இந்தத் திசு நல்லா இருக்குன்னு சொல்லாது" என்றார் மேடம். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கண்ட்ரோல் ஸ்லைடை வெட்டியவன் நான்தான்.

பின்விளிம்பிலிருந்து எடுத்த இன்னொரு பிளாக்கில் ஈ.ஆர். மறுபடி போடச் சொன்னார். ஸ்லைடை விளக்குக்கு எதிரே பிடித்தபோது வெறும் கண்ணுக்கே தெரிந்தது: ஓரத்தில் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு கரை, உள்ளே போகப் போக வெளிறி, நடுவில் ஒன்றுமில்லை. ஃபார்மலின் எவ்வளவு தூரம் போயிற்று என்று கட்டியே வரைபடம் போட்டுக் காட்டியது போலிருந்தது.

பழைய பிளாக்கைத் தேடியது

ஓரத்துப் பழுப்பு மட்டும் போதுமா? ஈ.ஆர். இருக்கிறது என்று சொல்ல அது போதும். எத்தனை சதவீதம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஹெர்2 பூஜ்யம் என்பதையும் நம்ப முடியாது. அதனால் முதலில் எடுத்த ஊசி பயாப்ஸியின் பிளாக்கை வரவழைக்க முடிவு செய்தோம். நூல் போன்ற அந்தத் திசுவுக்குள் ஃபார்மலின் எளிதாக இறங்கியிருக்கும்.

நோயாளியின் மகன் அந்த ஆய்வகத்துக்கு இரண்டு முறை அலைந்து பிளாக்கை வாங்கி வந்தார். அதில் ஈ.ஆர். சுமார் 90 சதவீத அணுக்களில் அழுத்தமாக இருந்தது, பி.ஆர். அதைவிடக் குறைவாக இருந்தாலும் இருந்தது. ஹெர்2 1+, அதாவது இல்லை என்ற கணக்குதான்.

ரிப்போர்ட்டில் மேடம் இரண்டையும் எழுதினார்: பயாப்ஸியின் முடிவு இது, அறுவைத் திசுவின் நடுப்பகுதியில் செய்த சோதனை, சரியாக நிலைப்படாததால் ஏற்கத்தக்கதல்ல. வெறுமனே திருத்திய முடிவை மட்டும் கொடுத்திருக்கலாமே என்று எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் நாளைக்கு யாராவது அந்த நடுப்பகுதி பிளாக்கையே மறுபடி சோதிக்கக்கூடும்.

நர்சிங் ஹோமில் பார்த்தது

அடுத்த வாரம் நானும் ஜூனியர் டாக்டரும் நேரில் போனோம். குறை சொல்லப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டோம். ஏற்றியது நான்தானே.

திசுவை உடலிலிருந்து எடுத்தது 6.15-க்கு. கிண்ணத்தில் வைத்து வெளியே காத்திருந்த சொந்தக்காரர்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். நம் பக்கம் இது ஒரு வழக்கம், காட்டாவிட்டால் சந்தேகப்படுவார்கள். பிறகு தையல் முடியும் வரை தட்டிலேயே இருந்து, 8 மணிக்கு ஜாடிக்குப் போயிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இறங்கவேண்டியது ஒன்றே முக்கால் மணி நேரம் காய்ந்திருக்கிறது. 'போட்டாச்சு' என்ற டிக்கில் இது எதுவும் தெரியாது.

ஃபார்மலின் கலப்பது அங்கே வேலை செய்யும் ஓர் ஆயா. கேனிலிருந்து ஒரு மக், போர் தண்ணீர் ஒன்பது மக். கேன் எப்போது வாங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. நாளாக நாளாக ஃபார்மால்டிஹைடு ஆக்சிஜனோடு சேர்ந்து ஃபார்மிக் அமிலமாகிக்கொண்டே இருக்கும். அமிலத்தன்மை ஏறாமல் தடுக்க பஃபர் உப்பு எதுவும் போடவில்லை.

கையுறை கிடையாது. "இது பட்டா தோல் மொறமொறன்னு ஆயிடும் சார்" என்று விரல் நுனிகளைக் காட்டினார் ஆயா. 1893-ல் ஃபெர்டினாண்ட் ப்ளூம் ஃபார்மால்டிஹைடைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது தன் விரல் தோல் கெட்டிப்பட்டதைக் கவனித்துத்தான், இது திசுவைப் பதப்படுத்தவும் உதவும் என்று கண்டுகொண்டார். அந்த விரலிலிருந்து பிறந்த வேலைதான் எங்களுடையது. ஆயாவின் விரலுக்கு அந்தப் பெருமை வேண்டியதில்லை. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. அன்றே கையுறை ஒரு பெட்டி கொடுத்துவிட்டு, இனி இங்கே கலக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

என்ன மாற்றினோம்

இப்போது பஃபர் ஃபார்மலினை நாங்களே கலந்து, வாய் அகன்ற 10 லிட்டர் வாளிகளில் அனுப்புகிறோம். ஒரு லிட்டருக்குக் கணக்கு: கடையில் கிடைக்கும் 37-40 சதவீத ஃபார்மலின் 100 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். இதைத்தான் 10 சதவீத ஃபார்மலின் என்கிறோம். உள்ளே இருக்கும் ஃபார்மால்டிஹைடு 4 சதவீதத்துக்கும் கீழே. இந்தப் பெயர்க் குழப்பத்தால் சிலர் 10 சதவீத ஃபார்மால்டிஹைடே கலந்து வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். வாளியில் கலந்த தேதி ஒட்டப்பட்டிருக்கும். வாராவாரம் பி.எச். தாள் நனைப்போம்.

பெரிய திசுவை முழுதாகப் போடக்கூடாது. பின்பக்கத்திலிருந்து, தோலை அறுக்காமல், ஒரு செ.மீ. இடைவெளியில் புத்தகத்தாள் மாதிரி வெட்டி, நடுவில் துணி வைத்து அமிழ்த்தவேண்டும். விளிம்பு கலைந்துவிடும் என்று சர்ஜன் தயங்கினார். நியாயமான தயக்கம். மேடம் நேரில் போய், முதலில் பின்விளிம்பில் மை தடவி, பிறகு வெட்டிக் காட்டினார். அப்படி வெட்ட ஆள் இல்லாத நாளில் ஃபார்மலினே போடாமல், பையில் கட்டிக் குளிர்பெட்டியில் வைத்து, ஐஸ் நேராகப் படாமல் உடனே அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.

படிவத்தில் டிக் கட்டத்தை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் மூன்று நேரங்கள்: எடுத்தது, வெட்டியது, ஃபார்மலினில் அமிழ்த்தியது. எங்கள் பக்கத்தில், வெட்டும்போது நடு இளகியிருந்தால் அன்று புராசஸரில் ஏற்றுவதில்லை. 72 தாண்டினாலும் சரி, துண்டு போட்டுப் புது ஃபார்மலினில் இரவு முழுக்க வைக்கிறோம், தாண்டியதை ரிப்போர்ட்டில் எழுதிவிடுகிறோம். இழந்த புரதத்தை அது மீட்டுத் தராது. அந்த நோயாளியின் திசுவை அன்று இரவு முழுக்க வைத்திருந்தாலும் நடுப்பகுதி முழுதாகத் தேறியிருக்காது. ஆனால் மீதியாவது ஆல்கஹாலில் சிக்காது. மார்பக ஊசி பயாப்ஸி வந்தால் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2-வை அதிலேயே செய்துவிடும்படி இப்போது வற்புறுத்துகிறோம்.

போன கையோடு ஒரு அட்டையும் மாட்டினோம். அந்த நர்சிங் ஹோமுக்கு ஃபார்மலின்தான் எல்லாத் திசுவுக்கும் மருந்து. முன்பு ஒரு முறை, ஒளிரும் சாயம் வைத்துப் பார்க்கும் இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனைக்கு வேண்டிய தோல் பயாப்ஸியையும் ஃபார்மலினில் போட்டு அனுப்பி வீணாக்கியிருந்தார்கள். அதற்கு மிக்கேல் கரைசல் வேண்டும். காசநோய்க் கிருமி வளர்ப்புக்கு அனுப்பும் துண்டில் ஃபார்மலின் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு நோய்) சந்தேகமென்றால் யூரேட் படிகம் ஃபார்மலின் நீரில் கரைந்துவிடும், சுத்த ஆல்கஹால் வேண்டும். விரை பயாப்ஸிக்கு போயின் திரவம் நல்லது, ஆனால் அதிலிருந்து பிறகு டி.என்.ஏ. எடுக்க நினைத்தால் கிடைக்காது. அட்டையின் கடைசி வரியில் எங்கள் போன் நம்பர். அதிகம் பயன்படுவது அதுதான்.

பிறகு

நோயாளிக்கு ரிப்போர்ட் 11 நாள் தாமதமாகப் போயிற்று. கீமோ முடிந்து, இப்போது லெட்ரோசோல் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை எடுத்துக்கொள்கிறார்.

சனிக்கிழமை மாலை அறுவை சிகிச்சை நின்றபாடில்லை. வெளியூர் சர்ஜன் அன்றுதான் வர முடியும். அதனால் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் எங்களில் ஒருவர் முறை வைத்து ஆய்வகத்தைத் திறக்கிறோம். சொந்தக்காரர்களுக்குத் திசுவைக் காட்டுவதும் நிற்கவில்லை. வெட்டி வாளியில் அமிழ்த்திவிட்டு, வாளியோடு கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். போன மாதம் வந்த ஒன்றை உற்சாகத்தில் தோலோடு சேர்த்து நான்கு துண்டாக வெட்டி அனுப்பியிருந்தார்கள். எந்த ஓரம் மேலே, எது கீழே என்று கண்டுபிடிக்க சர்ஜனுக்கு வீடியோ கால் போடவேண்டியதாயிற்று. எங்கே நிறுத்தவேண்டும் என்று கோடு போட்டு ஒரு படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன்.